தம் கட்டி முங்கி மீன் குத்தலாமா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல கப்பல் வேலை பத்தி எழுதும்போது நடுவுல ஒரே ஒரு வரி, பிலிப்பைன்ஸ்ல ஒரு தீவுல தம் கட்டி முங்கி மீன் குத்தினேன்னு போட்டிருந்தேன். அவ்வளவுதான், கப்பல பத்தி ஒருத்தர் கூட கேக்கல, வந்த கேள்வி அத்தனையும் மீன் குத்துறத பத்தியே. சரி, இந்த தடவை முழுசும் அதுவே இருக்கட்டும். பேர் போட வேணாம்னு பாதி பேர் எழுதியிருந்தீங்க, வீட்ல தெரிஞ்சா சண்டையாம், அதனால எல்லாருக்குமே ஏரியா பேர் மட்டும்.

அண்ணே, ஃப்ரீடைவிங் ஸ்பியர்ஃபிஷிங், அதான் தம் கட்டி முங்கி மீன் குத்துறது, அந்த வீடியோவா பாத்துட்டு இருக்கேன். நம்ம மும்பைலயே சுத்தி கடல்தானே, பாந்த்ரா பக்கமோ உத்தன் பக்கமோ இறங்கி ட்ரை பண்ணலாமா? (தாராவி)

தம்பி, ஒரு நாள் பேண்ட்ஸ்டாண்ட் பாறைல உக்காந்து கைய முழங்கை வரைக்கும் தண்ணில விட்டுப் பாருங்க, உங்க விரல் உங்களுக்கே தெரியாது. இது கண்ணால பாத்து, கிட்ட போயி, குத்துற வேலை, குறைஞ்சது ஏழெட்டு மீட்டராவது தெளிவு வேணும். இங்க மித்தி ஆறும் கிரீக்கும் கொண்டு வந்து கொட்டுற சேறு, அதோட கூட என்னென்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும். போதாததுக்கு ஏத்தவத்தம் வேற, மும்பைல பெரிய ஏத்தம் வர்ற நாள்ல தண்ணி 4.5 மீட்டருக்கு மேல ஏறும், எங்க தூத்துக்குடி பக்கம் ஒரு மீட்டர் ஏறினாலே பெருசு. அந்த நீவாடு, அதான் நீரோட்டம், உங்கள பாறைல இருந்து இழுத்துட்டு போறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

மால்வண் பக்கம் தண்ணி நல்லாருக்குமேன்னு கேப்பீங்க. இருக்கும், அக்டோபருக்கு அப்புறம் போனா அழகா இருக்கும், ஆனா அங்க 1987லேர்ந்து கடல் சரணாலயம், மாஸ்க் போட்டு பாத்துட்டு வாங்க, குத்துற பேச்சே கூடாது. அடுத்து மாலத்தீவு, மொரிஷியஸ், செஷெல்ஸ்னு யோசிச்சிருப்பீங்க, மும்பைல இருந்து ஃப்ளைட் ஏறினா நேரா போற தீவுங்க. மூணு நாட்லயும் ஸ்பியர்ஃபிஷிங் தடை! மீன் குத்துற கன், அதான் ரப்பர் இழுவைல ஈட்டிய பாய்ச்சுற துப்பாக்கி, அத பெட்டில வெச்சு கொண்டு போனீங்கன்னா ஏர்போர்ட்லயே புடுங்கி வெச்சுக்குவாங்க, வேற சிக்கலும் வரும்.

பின்ன எங்கதான்னா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஹவாய் மாதிரி இடங்கள்ல ஊருக்கு ஊர் சட்டம் வெச்சு அனுமதிக்கிறாங்க. பிலிப்பைன்ஸ்ல கரைலேர்ந்து 15 கிலோமீட்டர் வரைக்கும் உள்ளூர் நகராட்சி கட்டுப்பாடு, அதனால இந்த பார்ல குத்தலாம், பக்கத்து பார்ல கூடாதுன்னு இருக்கும், இறங்குறதுக்கு முன்னாடி அங்க போயி கேட்டே ஆகணும். பார்னா என்னன்னு கேக்காதீங்க, முத்துப்பார்னு சொல்வோமே, அந்த பார், கடலடிப் பாறைத்திட்டு.

சார், நான் ஐ.டி.ல இருக்கேன், உக்காந்த இடத்துலயே பாடி ஸ்ட்ராங். சோபால உக்காந்து வேகமா 30 தடவை மூச்சு இழுத்து விட்டுட்டு தம் கட்டினா 3 நிமிஷம் தாண்டுது. கடல்ல இறங்க இது போதுமா? வார கடைசில சொசைட்டி ஸ்விம்மிங் பூல்ல தனியா ப்ராக்டிஸ் பண்றேன். (செம்பூர்)

உங்க லெட்டர்ல அந்த "வேகமா 30 தடவை", அப்புறம் அந்த "தனியா", இந்த ரெண்டையும் படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிருச்சு. இன்னைக்கே நிறுத்துங்க. ரெண்டையும்தான்.

ஏன்னு சொல்றேன். நமக்கு மூச்சு முட்டுதுல்ல, அது ஆக்சிஜன் தீந்துபோறதால முட்டுறது இல்ல, ஒடம்புல கார்பன் டை ஆக்சைடு ஏறிட்டே வர்றதால முட்டுது. அதுதான் அலாரம். வேகமா ஊதி ஊதி விட்டா ஆக்சிஜன் ஒண்ணும் பெருசா கூடிராது, சாதாரணமாவே ரத்தம் 97, 98 சதவீதம் நெறஞ்சுதான் ஓடுது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் வெளிய போயிரும், அலாரத்தோட வயர நீங்களே புடுங்கி விட்ட மாதிரி. அப்புறம் முட்டவே முட்டாது, ஜாலியா இருக்கும், அந்த ஜாலிலயே மயக்கம் வந்துரும். சோபாலன்னா சரிஞ்சு விழுவீங்க, ஒடம்பு தானா மூச்சு எடுத்துக்கும். பூல்ல முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது தானா மூச்சு எடுத்தா என்ன உள்ள போகும்னு யோசிச்சுக்கங்க. நாலடி தண்ணி போதும்.

கடல்ல இன்னொரு கணக்கும் சேரும். 10 மீட்டர் எறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு, 20 மீட்டர்னா மூணு மடங்கு, நெஞ்சுல இருக்குற காத்து மூணுல ஒரு பங்கா சுருங்கிரும். அந்த அழுத்தத்துல மிச்சம் மீதி ஆக்சிஜனையும் ஒடம்பு நல்லா உறிஞ்சிக்கும், அதனால கீழ இருக்குற வரைக்கும் "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் பத்து செகண்ட் இருக்கலாம்"னு தோணும். மேல ஏற ஏற அழுத்தம் கொறையும், கடைசி 10 மீட்டர்ல மட்டும் பாதியா கொறையும், அதோட சேந்து ஆக்சிஜனும் படுத்துரும். அதனாலதான் இந்த மயக்கம் ஆழத்துல வர்றத விட, மேல வர்ற கடைசி தூரத்துலயும், தலைய வெளிய தூக்கின முதல் சில செகண்ட்லயும்தான் அதிகமா வரும்.

எனக்கு வந்திருக்கு. கூட வேலை பாத்த பிலிப்பைன்ஸ் பையன் ஒருத்தனோட ஊர், விசாயாஸ் பக்கம் ஒரு சின்ன தீவு, லீவுக்கு கூட்டிட்டு போயிருந்தான். அவங்க கன்ன "பனா"ன்னு சொல்றாங்க, நம்ம பாணம்ங்கிற மாதிரியே காதுல விழும், மரத்துல அவங்களே செதுக்கினது, இழுவைக்கு ரப்பர், கால்ல ப்ளைவுட்ட வெட்டி செஞ்ச துடுப்பு. காலைல இறங்கி மூணாவது மணி நேரம், நான் நல்லா களைச்சுட்டேன், ஆனா கைல ஒரு மீன் கூட இல்ல, அவன் கயித்துல நாலு தொங்குது. மானப் பிரச்சனை. 14 மீட்டர் இருக்கும், ஒரு பாறை இடுக்குல கலவா ஒண்ணு வாய தொறந்து தொறந்து மூடிட்டு என்னையே பாத்துட்டு இருந்துச்சு. அடிச்சேன். பட்டுச்சு, ஆனா பொந்துக்குள்ள போயி செவுள விரிச்சு நெட்டிக்கிச்சு, கலவா அப்படித்தான் பண்ணும், இழுத்தா வராது. அங்கதான் விட்டுட்டு மேல வந்திருக்கணும், கம்பி எங்கயும் போகாது, கயிறு கட்டியிருக்கு. நான் கால பாறைல உந்திட்டு இழுக்குறேன். வயிறு வெட்டி வெட்டி இழுக்குது, அது முட்டுறதோட அறிகுறி, தெரியும், தெரிஞ்சே இன்னொரு இழுப்பு.

மேல வரும்போது வெளிச்சம் பெருசாகிட்டே வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஞாபகம் இருக்குறது யாரோ கன்னத்துல தட்டி முகத்துல ஊதி "கின்ஹாவா! கின்ஹாவா!"ன்னு கத்துறது, மூச்சு விடுன்னு அர்த்தம். எனக்கு என்னமோ நல்லா தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கு, ஏன்டா கத்துறேன்னு கேக்க வாய் வரல. மேல இருந்து பாத்துட்டே இருந்திருக்கான், நாலு மீட்டர்ல என் கால் நின்னதும் முங்கி, அக்குள்ல கை கொடுத்து தூக்கி, மாஸ்க்க கழட்டி, வாய தண்ணிக்கு மேல புடிச்சிருக்கான். மொத்தம் பத்து பதினஞ்சு செகண்ட்தான் இருக்கும். அவன் அங்க இல்லன்னா இந்த பத்தியே வந்திருக்காது.

அதனால சார், சோபா கணக்க விடுங்க. நல்லா குத்துறவங்களே ஒரு தடவை ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல கீழ இருக்க மாட்டாங்க, கீழ இருந்த நேரத்துக்கு குறைஞ்சது ரெண்டு மடங்காவது மேல மெதக்கணும், அமைதியா மூச்சு விட்டுட்டு. ஏடா (AIDA), பேடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI)ன்னு முங்குறத முறையா சொல்லித்தர்ற அமைப்புங்களோட ரெண்டு மூணு நாள் கோர்ஸ் இருக்கு, அதுல மீட்புதான் முக்கிய பாடம், அத முடிச்சுட்டு பேசுவோம். பூல்ல தம் கட்டுறதுன்னா பக்கத்துல உங்களையே பாத்துட்டு நிக்கிற ஒரு ஆள் வேணும், வாட்ச்மேன் கேட்ல இருக்காருங்கிறதெல்லாம் கணக்குல வராது.

என் பையன் நீளமா ரெண்டு துடுப்பு வாங்கி வெச்சிருக்கான். நண்பர்களோட அந்தமான் போயி மூச்சடக்கி முங்கப் போறானாம். எனக்கு நீச்சலே தெரியாது, அவன்கிட்ட என்ன கேக்கணும்னு கூட தெரியல. (முலுண்ட்)

அக்கா, நீச்சல் தெரியலன்னா பரவால்ல, நான் சொல்ற கேள்விய கேளுங்க, முழிக்கிறானா பதில் சொல்றானான்னு பாருங்க.

"ரெண்டு பேரும் ஒண்ணா முங்குவீங்களா?"ன்னு கேளுங்க. ஆமான்னு சந்தோஷமா சொன்னான்னா அதுதான் தப்பான பதில். ஒருத்தன் கீழ போனா ஒருத்தன் மேலயே இருந்து அவனையே பாக்கணும், வந்ததுக்கு அப்புறமும் அரை நிமிஷம் கண்ண எடுக்கக்கூடாது. அடுத்து "இடுப்புல ஈயம் எவ்வளவு கட்டுவ?"ன்னு கேளுங்க. சீக்கிரம் எறங்கணும்னு பசங்க நெறைய கட்டிக்குவாங்க. மூச்சு முழுசா விட்டுட்டு கூட மேல மெதக்கணும், 10 மீட்டர் வாக்குல போனாதான் மெதக்காம முங்காம நிக்கணும், அதுதான் அளவு. பெல்ட் ஒத்த கைல ஒரே இழுப்புல கழண்டுக்கணும். ஸ்நார்க்கல, அதான் மேல மெதக்கும்போது மூச்சு விடுற குழாய, வாய்லயே வெச்சுட்டு முங்குவானான்னும் கேளுங்க, முங்குறதுக்கு முன்னாடி துப்பிடணும், மயங்கினா அது வாய்க்குள்ள தண்ணி கொண்டு போற குழாய்.

குத்துறதுக்கா போறான்னு கேட்டு வெச்சுக்கங்க. அங்க வண்டூர் பக்கம் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983லேர்ந்து இருக்கு, ராணி ஜான்சி பேர்ல இன்னொண்ணு 1996லேர்ந்து, உள்ள மீன தொடக்கூடாது. வெளிய வேற இடம்னா கூட மீன்வளத்துறைல எழுதி வாங்காம கன்ன எடுக்கவே வேணாம்னு சொல்லுங்க. முதல் தடவைக்கு கன் எதுக்கு, கண்ணு போதும்.

இன்னொண்ணு சொல்லணும், பயமுறுத்துறதுக்கு இல்ல. அந்தமான்ல உப்புத்தண்ணி முதலை நெசமாவே இருக்கு. 2010-ல ஹாவ்லாக்ல, இப்ப ஸ்வராஜ் த்வீப்னு பேரு, ஸ்நார்க்கல் பண்ணிட்டு இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் முதலை கடிச்சு இறந்துபோனாங்க. சதுப்புக்காட்டு ஓடை கடல்ல சேர்ற இடம், சாயங்கால நேரம், போர்டு வெச்சிருக்குற கரை, இந்த மூணையும் தவிர்க்கச் சொல்லுங்க. பையன் நல்ல பையன்தான் போல, உங்ககிட்ட சொல்லிட்டு போறானே.

சுறா வந்தா என்ன பண்றது? (நேருல்)

குத்தின மீன அதுக்கிட்டயே குடுத்துட்டு வந்துருங்க. நெசமாத்தான் சொல்றேன். மீன இடுப்புல கோத்துட்டு நீந்துறது முட்டாள்தனம், பத்து பதினஞ்சு மீட்டர் கயித்துல மெதவை ஒண்ணு பின்னால வரணும், மீன் அதுல போகணும், மேல கொடியும் இருந்தா போட்காரன் உங்க தலைமேல ஏத்தமாட்டான். சுறாவ விட எனக்கு தொல்லை கொடுத்தது கிளாத்தி. பெரிய வகை ஒண்ணு, மணல்ல குழி பறிச்சு முட்டை வெச்சிருந்தா அந்த எடத்துக்கு நேர் மேல தண்ணிமட்டம் வரைக்கும் அதுக்குத்தான் பட்டா, புனல் மாதிரி மேல விரிஞ்சுட்டே போகும், அதனால பயந்து மேல ஓடினா வெரட்டிட்டே வரும், பக்கவாட்டுல போனாத்தான் விடும். என் ப்ளைவுட் துடுப்புல ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு.

எங்க தாத்தா தூத்துக்குடில சங்கு குளிச்சவர். ஆயிரக்கணக்குல செலவு பண்ணி கோர்ஸ் படிக்கிற இந்த ஃப்ரீடைவிங்கும் அவர் செஞ்சதும் ஒண்ணுதானா? கரைக்கு வந்ததும் சில நாள் தலை கிறுகிறுன்னு வருதுன்னு படுத்துக்குவாராம். (தானே)

கேள்விய படிச்சதும் எனக்கு உப்புக்காத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு, நானும் அந்தக் கரைக்காரன்தான்.

ஒண்ணுதான் தம்பி, இன்னும் சொல்லப்போனா தாத்தா செஞ்சதுதான் மூலம். மன்னார் வளைகுடா முத்துப்பார்ல பெரும்பாலும் 10லேர்ந்து 20 மீட்டர் ஆழம், கயித்துல கட்டின கல்லுல கால வெச்சு எறங்கி, ஒரு நிமிஷம் ஒண்ணேகால் நிமிஷம் சிப்பிய அள்ளி, கயித்த ஆட்டினா மேல இருக்குறவன் தூக்குவான். இன்னைக்கு கோர்ஸ்ல பட்டி (buddy), அதான் கூட இருந்து காவல் பாக்குற துணைன்னு ஒரு ஆள சொல்றாங்களே, அந்த கயித்துக்காரன்தான் அது. எங்க ஊர்ப்பக்கம் மச்சான் முங்கினா மச்சான்தான் கயிறு புடிக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அக்கா தாலி அவன் கைல இருக்கு, விடமாட்டான். சுறாவுக்கு மந்திரம் போட "கடல் கட்டி"ன்னு ஒருத்தர் வேற, அவருக்கும் சிப்பில பங்கு உண்டு. முத்துக்குளிப்பு 1961ஓட நின்னு போச்சு, சங்கு மட்டும் ஓடிட்டு இருக்கு, அலுமினியத் தகட்ட கால்ல துடுப்பா கட்டிட்டு முங்குறவங்கள நானே சின்ன வயசுல பாத்திருக்கேன்.

அந்த கிறுகிறுப்பு விஷயம். பசிபிக்ல துவாமோட்டு தீவுகள்ல முத்துச்சிப்பி எடுக்க முங்குறவங்களுக்கு "தாரவானா"ன்னு ஒரு நோய் உண்டு, தலைசுத்தல், வாந்தி, சிலருக்கு கை கால் விழுந்துரும், சிலர் செத்தே போயிருக்காங்க. 30 மீட்டருக்கு மேல ஒரு நாளைக்கு மணிக்கணக்கா, நடுவுல சரியா ஓய்வு எடுக்காம திரும்பத் திரும்ப முங்குறதால நைட்ரஜன் ரத்தத்துல சேந்துரும். சிலிண்டர் கட்டினவனுக்குத்தான் அது வரும்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தாங்க, அப்புறம்தான் தம் கட்டி முங்குறவனுக்கும் வரும்னு புரிஞ்சுது. தலைசுத்தலுக்கு காதும் காரணமா இருக்கலாம், அந்தக் காலத்துல காது ஜவ்வு கிழிஞ்சே வேலை பாத்தவங்க நெறைய பேர்.

ஒடம்பே அதுக்கு தக்க மாறுமான்னா, மாறியிருக்கு. இந்தோனேசியா சுலவேசி பக்கம் பஜாவ்னு கடலோடி மக்கள், மரச்சட்டத்துல கண்ணாடி பதிச்ச கண்ணாடிய மாட்டிட்டு ஈட்டியோட முங்குவாங்க. 2018-ல வந்த ஆராய்ச்சில அவங்க மண்ணீரல் பக்கத்து ஊர் விவசாயிங்கள விட சுமார் 50 சதவீதம் பெருசுன்னு கண்டுபுடிச்சாங்க, முங்காத பஜாவ் ஆளுங்களுக்கும் பெருசுதான், பரம்பரையாவே வந்திருக்கு. முகம் தண்ணில பட்டதும் இதயத் துடிப்பு கொறையும், மண்ணீரல் சுருங்கி தேக்கி வெச்ச சிவப்பணுவ ரத்தத்துல விடும், அது நம்ம எல்லாருக்குமே நடக்குறதுதான், அவங்களுக்கு டேங்க் பெருசு. உங்க தாத்தா வம்சத்த யாராவது அளந்து பாத்தா நல்லாருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை.

காது வலிக்குது, அஞ்சு மீட்டருக்கு மேல போக முடியல. சைனஸ் மாத்திரை போட்டுட்டு முங்கலாமா? (காந்திவலி)

வேணாம். மாத்திரை வேகம் கீழ இருக்கும்போது தீந்துச்சுன்னா மேல வர்றப்ப காத்து வெளிய வர வழி இல்லாம அடைச்சுக்கும், அது இன்னும் மோசம். சளி இருந்தா அன்னைக்கு போட்லயே உக்காந்து கடலை சாப்புடுங்க. சளி இல்லாமலே வலிச்சா மூக்க புடிச்சு ஊதுறத சீக்கிரமே, வலிக்குறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு மீட்டருக்கும் பண்ணணும், வலிச்சதுக்கு அப்புறம் ஊதினா நேரம் போயிருச்சுன்னு அர்த்தம். தலைகீழா போகும்போது நெஞ்ச அழுத்தி ஊதுறது வேலைக்காகாது, நாக்க மேல தூக்கி அதால காத்த காதுக்கு தள்ளுற ஃப்ரென்ஸெல்னு ஒரு முறை இருக்கு, அத வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகலாம், இதுக்கு மட்டும் துணைக்கு ஆள் வேணாம்.

நல்ல கன் எது, எவ்வளவு நீளம் வாங்கணும்? (அந்தேரி)

வாங்காதீங்க, முதல் ரெண்டு மூணு தடவை போற ஊர்லயே எடுத்துக்கங்க. ரப்பர கைல இழுத்து விடுற ஒத்தக் கம்பி ஈட்டிலதான் நான் பழகினேன், மீனுக்கு ஒரு மீட்டர் கிட்ட போனாத்தான் வேலைக்காகும், அப்பத்தான் அமைதியா கெடக்குறது எப்படின்னு ஒடம்புக்கு வரும். அடியில போயி பாறை மாதிரி அசையாம படுத்து, மீன நேரா பாக்காம கண்ண தாழ்த்திக்கிட்டா பாறை மீன் கூட்டம் "யாருடா இவன்"னு தானா பாக்க வரும், வெரட்டினா ஒண்ணும் நிக்காது. கன்ன தண்ணிக்கு வெளிய, போட்ல, கரைல எங்கயும் ரப்பர் ஏத்தி வெக்கக்கூடாது, ஏத்தின கன்ன ஆள் இருக்குற பக்கம் திருப்பவே கூடாது, சேஃப்டி போட்டிருக்கேங்கிறத நம்பாதீங்க. சின்ன கத்தி ஒண்ணு கைக்கு எட்டுற மாதிரி கட்டிக்கங்க, மீன் கொல்றதுக்கும் ஆகும், நரம்பு வலைல சிக்கினா உங்கள வெட்டி விடுறதுக்கும் ஆகும்.

பார் மீன் சாப்பிட்டா விஷம்ங்கிறாங்களே, உண்மையா? நாங்க சீலா நெறைய சாப்புடுவோம். (சயான்)

முதல்ல நீங்க எந்த ஊர்னு சொல்லுங்க! எங்க தூத்துக்குடில சீலான்னா மும்பைக்காரங்க சுர்மைங்கிறது, சென்னைல வஞ்சரம். சென்னைல ஷீலான்னு கேட்டா ஊளிய, அந்த நீட்ட வாய் பல்லு மீன எடுத்து குடுப்பாங்க. இந்தக் குழப்பத்துல என் மாமியார் வீட்ல ஒரு கல்யாண விருந்தே சண்டைல முடிஞ்சது, அது வேற கதை. நீங்க சொல்றது சுர்மைன்னா இங்க மார்க்கெட்ல வாங்குறதுக்கு கவலையே வேணாம்.

விஷம் உண்மைதான், சிகுவாட்டெரான்னு பேரு. செத்த பவளத்துமேல படர்ற பாசில ஒட்டி இருக்குற கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒண்ணுலேர்ந்து வருது. பாசி மேயுற சின்ன மீன் அத தின்னும், அத பெரிய மீன் தின்னும், அப்படியே சேந்து சேந்து பெரிய ஊளி, பெரிய கலவா, விலாங்கு மாதிரி இருக்குற அஞ்சாலை இதுங்க ஒடம்புல ஏறிரும். வேக வெச்சாலும் போகாது, ஐஸ்ல வெச்சாலும் போகாது, புளி ஊத்தினாலும் போகாது, நாத்தமும் வராது. வாந்தி பேதி, ஒதடு மரத்துப்போறது, அப்புறம் ஒரு வினோதம், ஐஸ் தண்ணிய தொட்டா சுடுற மாதிரி எரியும், சிலருக்கு வாரக்கணக்குல நிக்கும். ஹவாய்ல 1956-ல சாப்பாட்டுக்காகன்னு வெளிய இருந்து ஒரு கலவா வகைய கொண்டு வந்து விட்டாங்க, அங்க "ரோய்"னு பேரு, அது பெருகி உள்ளூர் மீன தின்னுட்டு, இந்த விஷத்தையும் சேத்துக்கிட்டு, இப்ப சாப்பிடவும் பயம், விடவும் முடியல, குத்துறவங்க அதையே தேடி தேடி குத்துறாங்க. புதுத் தீவுக்கு போனா நான் உள்ளூர் கிழவிகிட்ட மீன காட்டி கேட்டுட்டுதான் அடுப்புல வெப்பேன், கைய ஆட்டினா கேள்வி கேக்காம தூக்கிப் போட்டுருவேன்.

வலை போடுறவன் வயித்துக்கு செய்யறான். நீங்க வெளையாட்டுக்கு உயிர கொல்றீங்க. எப்படித்தான் மனசு வருதோ? இன்னமும் போறீங்களா? (மாட்டுங்கா)

மாமா, நீங்க கோவமா எழுதினது நியாயம்தான், நானும் மழுப்பல.

வலை எத வேணா அள்ளும், குஞ்சு, ஆமை, வேண்டாதது எல்லாம் வந்து செத்து கெடக்கும். குத்துறவன் ஒரே ஒரு மீன பாத்து, இது வேணும்னு முடிவு பண்ணி குத்துறான், அந்த வகைல சுத்தம். ஆனா அதுலயே ஒரு வம்பு இருக்கு, எல்லாரும் பெருச பாத்துத்தான் குத்துவான். கலவா பொறக்கும்போது பொட்டை, பெருசான பிறகுதான் அதுல சிலது ஆணா மாறும், அதனால ஒரு பார்ல பெருச மட்டும் எடுத்துட்டே இருந்தா ஆணே இல்லாம போயிரும். கிளிமீன நான் தொடறதே இல்ல, அது அலகால பவளத்த கொறிச்சு பாசிய மேஞ்சு மணலா வெளிய விடுது, அந்த தீவு பீச்சுல நாம உக்காந்து போட்டோ எடுக்குற வெள்ளை மணல்ல பாதி அதோட கழிவுதான். ராத்திரில சில கிளிமீனுங்க எச்சில் மாதிரி ஒரு கூட்ட கட்டிக்கிட்டு உள்ள தூங்கும், டார்ச் அடிச்சு அத குத்துறவனும் இருக்கான், அவன்கிட்ட நீங்க இந்த கேள்விய கேக்கணும். நம்ம நாட்டுல ராட்சசக் கலவாவுக்கு வனவிலங்கு சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, அது தெரியாம வஞ்சிரம் கணக்கா பேசுறவங்களும் இருக்காங்க.

அன்னைக்கு நான் மயங்கின பிறகு என்னைய போட்ல படுக்க வெச்சுட்டு அவன் திரும்ப முங்கினான், எதுக்குன்னு அப்ப புரியல. அந்த கலவாவ இழுக்கல, பொந்துக்குள்ள கைய விட்டு செவுளுக்கு அடியில தடவினான், அது நெட்டிட்டு இருந்தத விட்டுச்சு. தண்ணிக்குள்ளயே கண்ணுக்கு ரெண்டுக்கும் நடுவுல கத்திய எறக்கி, துடிக்க விடாம முடிச்சு, மேல கொண்டு வந்து என் பக்கத்துல போட்டான். காயம் பட்டத விட்டுட்டு வரமாட்டாங்க அவங்க. ஒண்ணரை கிலோ இருக்கும். அவங்க அம்மா எலுமிச்சைப்புல் போட்டு கொதிக்க வெச்ச ரசத்துல தலைய எனக்குன்னு தனியா வெச்சாங்க, எனக்கு அன்னைக்கு எறங்கல.

இன்னமும் போறேன் மாமா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. போன தடவை நாலு நாள்ல ரெண்டு மீன், ரெண்டையும் சாப்பிட்டோம். மூணாவது நாள் முழுக்க கன்ன போட்ல வெச்சுட்டு அவன் பொண்ணுக்கு மேல இருந்து காவல் பாத்தேன், அவளுக்கு பதினாறு வயசு, என்னைய விட நல்லா முங்குறா.